நிழல் விழுந்த மூன்று

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உறைமேல் இருக்கும் ஜெயில் முத்திரையைப் பார்த்துப் பதறாதே, காகிதம் இங்கே கொடுத்தது, அதனால் முத்திரையும் இங்கேயே குத்தினார்கள். நீயும் மாமாவும் பாப்பாவும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பாலத்தடியில் மடக்கினார்கள். ஹெல்மெட் இருந்தது, வண்டிக் காகிதம் இருந்தது. ஒரு போலீஸ்காரர் பின்னால் போய்க் குனிந்து பார்த்து, "டேய், இது நம்பர் பிளேட்டா, தீப்பெட்டியா? வானத்துல போற பருந்துதான் இதைப் படிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா தன் ஸ்டிக்கர் கடையில் போட்டுக் கொடுத்த பிளேட்தான். உள்ளங்கை அளவு, சீட்டுக்கு அடியில் மேலே பார்த்த மாதிரி. அழகுக்காக மட்டும் நான் போடவில்லை என்று உனக்குத் தெரியும். அரை மணிக்குள் பார்சல் போகவில்லை என்றால் கம்பெனி கூலியைப் பிடிக்கிறது. வேகமாகப் போனால் கேமரா பிடிக்கிறது. இரண்டில் ஒன்றுக்காவது நம்பர் தெரியாமல் இருக்கட்டும் என்று பார்த்தேன். எங்கள் கம்பெனிச் சட்டை போட்டவன் பாதிப்பேர் இப்படித்தான் ஓட்டுகிறான்.

அபராதம் போட்டு விடுவார்கள் என்று நின்றேன். முதலில் வண்டியை ஏற்றினார்கள். அப்புறம் என்னையும் ஏற்றினார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு பைக்கில் பிளேட்டே இல்லை. யார் வண்டி என்று கேட்டேன். அதற்கு ஒரு அறை விழுந்தது. வேறொன்றும் இல்லை.

வாரம் ஒரு தடவை போன் பேச விடுகிறார்கள். உனக்கு அடித்தால் மாமா எடுக்கிறார், என் குரல் கேட்டதும் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி

---

பிப்ரவரி 19

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. தரையில் படுத்தால் உனக்கு இழுப்பு வருமே, போர்வை கேட்டு வாங்கு. வெட்கப்படாதே.

உன் கடிதத்தைத் தையல் கம்பெனியிலேயே, காலர் வைக்கும் மிஷினுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தேன். சூப்பர்வைசர், "என்னம்மா, காதல் கடிதமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிளேட் விஷயம் அபராதத்தோடு போய்விடும் என்றுதான் மாமாவும் சொல்கிறார். கடையில் கூட்டம் இல்லை. வெயில் என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறார். வாசலில் மாட்டியிருந்த மாதிரி பிளேட்டுகளையும் கழற்றிவிட்டார், தூசி அடைகிறதாம்.

உனக்கு வாய்தான் எமன். யாரோடும் எதிர்த்துப் பேசாதே. பிளேட்டை யார் செய்தது என்று உன்னை யாராவது கேட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போர்வை கேட்டேன், "மெத்தையும் வேணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்கள். உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுதவும்.

கேட்டார்கள் அக்கா. நான் சொல்லவில்லை. ஆனால் இது இப்போது பிளேட் விஷயம் இல்லை.

நான் பிடிபட்டதற்கு முந்தின நாள் விடியற்காலையில், மார்க்கெட் தெருவில், தெரு கூட்டுகிற ஒரு அம்மாவை ஒரு பைக் அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அந்த அம்மா நினைவில்லாமல் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்த்தவர் அங்கே இருக்கிற பேங்க் வாட்ச்மேன். நம்பர் முழுசாகத் தெரியவில்லையாம். சின்ன பிளேட், மேலே தூக்கினது, எண்ணுக்குச் சிவப்பு நிழல், கடைசி எண் எட்டு என்று சொல்லியிருக்கிறார்.

என் வண்டி மூன்றில் முடிகிறது. உனக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். ஆனால் என் பிளேட்டை வாட்ச்மேனிடம் காட்டினார்கள். "எட்டு" என்றார். அவர்மேல் தப்பில்லை. மாமா எந்த எண்ணை வெட்டினாலும் இடது பக்கம் சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு நிழல் ஒட்டுவார். ஒன்றுக்கும் ஏழுக்கும் அது அழகு. மூன்றுக்கு ஒட்டினால் அதன் திறந்த வாய் இரண்டும் மூடிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளி நின்றால் எட்டு. அன்றைக்கே சொன்னேன், "மாமா, மூணு எட்டு மாதிரி இருக்கே" என்று. "கேமராவே குழம்பட்டும்டா, விடு" என்றார். கேமரா குழம்பவில்லை. மனிதன் குழம்பிவிட்டான்.

அன்று காலை அந்தத் தெருவில் நான் பார்சல் கொடுத்தது உண்மை. கம்பெனியிடம் கேட்டதற்கு, "ஆமாம், இந்த ஆள் அங்கேதான் இருந்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு என் கணக்கை மூடிவிட்டார்கள். நான் வந்தது அந்த அம்மா அடிபட்டதற்கு அப்புறம். கூட்டம் நின்றது, ஓரமாக ஓட்டிப் போனேன். அரை மணிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.

நிஜமாகவே எட்டில் முடிகிற வண்டியைத் தேடுங்கள் என்றேன். கையில் கிடைத்தவனை விட்டுவிட்டு ஊரில் இருக்கிறவனை எவன் தேடுவான்? மாமா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவப்பு நிழல் அவர் கைப்பழக்கம், அவர் கடையிலிருந்து நிஜ எட்டும் போயிருக்கிறது என்று சொன்னால் போதும். அவரிடம் கேள் அக்கா.

தம்பி

---

மார்ச் 25

சின்னவனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பாப்பாவுக்குக் காய்ச்சல். இப்போது தேவலை, வாய்தான் கசக்கிறதாம். மாமாவுக்கு இடுப்பு வலி. உன் உடம்பு எப்படி?

அவரிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது.

வேலை முடிந்து வரும்போது பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் அந்த அம்மாவோடு வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ யார் என்று ஒருத்தி கேட்டாள். சொந்தக்காரி என்றேன். யாருக்குச் சொந்தம் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஊரில் ஸ்டிக்கர் கடைகளைச் சோதனை போடுகிறார்கள். அளவு மீறிப் பிளேட் செய்தவனையும் உள்ளே வைப்பதாகப் பேச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிப் போய்விட்டார்கள். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

---

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்கு இழுப்பு வந்து போனது. பக்கத்தில் படுக்கிறவன் பெயர் டயர். லாரி டயர் திருடினவன், நல்லவன். ராத்திரி முதுகு தேய்த்துவிட்டான்.

அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் வந்தார். கையில் என் கேஸ் கட்டு இல்லை, வேறு யாருடைய கட்டோ இருந்தது. ஆனாலும் ஆள் மோசமில்லை.

"தம்பி, பிளேட்டைச் சின்னதா வெச்சா அபராதம். மேலே தூக்கி வெச்சா அபராதம். ஸ்டைலா எழுதினாலும் அபராதம்தான். ஆனா உன் எண்ணு இன்னொரு எண்ணா தெரியற மாதிரி வெச்சா அது மோசடி. அதை வெச்சுக்கிட்டு ஒரு ஆளை அடிச்சுட்டு ஓடினா, தப்பிக்கணும்னு நீ திட்டம் போட்டே ஓட்டினதா ஆகும்."

"நான் அடிக்கலையே சார்."

"நீ அடிக்கலைன்னு சொல்ல உன் பிளேட்டுதான் இருந்திருக்கணும். அதை நீயே கெடுத்துட்டே. விதிப்படி ஒரு மூணு இருந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பே."

"வண்டியில அடிபட்ட தடம் இருக்கா பாருங்க."

"பழைய வண்டி, கீறலில்லாத இடம் எது? ஒவ்வொரு கீறலையும் வட்டம் போட்டு வெச்சிருக்காங்க."

பிளேட் செய்தவர் பெயரைச் சொன்னால் சாட்சியாகக் கூப்பிடலாம் என்கிறார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சொல்லவா, வேண்டாமா? நீ சொல் அக்கா. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? பதில் இல்லை.

அந்த அம்மா செத்துப்போனாள். உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், ஊரில்தானே இருக்கிறாய். எனக்கு வார்டன் சொன்னான், "உன் கேஸ் பெரிசாயிடுச்சுடா, கங்கிராஜுலேஷன்" என்று. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. விடியும் முன்னால் விளக்கில்லாத தெருவில், முதுகில் பளபளக்கும் பட்டைகூட இல்லாத கோட்டைக் கொடுத்துக் கூட்டச் சொன்னவன் எவனும் உள்ளே வரவில்லை. விளக்குப் போடாதவன் வரவில்லை. அரை மணிக் கணக்கு வைத்தவன் வரவில்லை. என் பிளேட்டைத்தான் ஸ்கேல் வைத்து அளந்தார்கள்.

காத்திருந்து பார்த்தேன். நேற்று வக்கீலிடம் மாமா பெயரைச் சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

தம்பி

---

மே 10

சின்னவனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போலீஸ் வந்து போனது. கடையைப் புரட்டிப் போட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவர் வருகிறார்.

நீ சொன்னதில் தப்பு இல்லை. தைரியமாக இரு. மிஷின் நிறுத்தச் சொல்லி மணி அடிக்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

ஜூன் 21

அக்காவுக்கு,

நலம் கேட்க இன்றைக்குக் கை வரவில்லை. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாப்பா உயரமாகியிருக்கிறாள். நல்லபடியாகத்தான் இருக்கிறீர்கள்.

மாமா கூண்டில் ஏறியதும் எனக்கு மூச்சு வந்தது. டயரிடம் காலையில் சொல்லிவிட்டு வந்தேன், சாயங்காலம் என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்று.

"இந்தப் பிளேட் நீங்க செஞ்சதா?"

"இல்லைங்க. நான் விதிப்படி அளவுலதான் செய்வேன்."

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு யாரு?"

"என் சம்சாரத்தோட தம்பிங்க. கடைக்கு வந்து போவான். வெட்டு மிச்சத்தை எடுத்து அவனே ஒட்டியிருப்பான். பசங்களுக்கு என்ன தெரியாது?"

என் வக்கீல் விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்து, ஸ்டிக்கரில் வெட்டுகிற மாதிரி ஒரு மூன்று எழுதச் சொன்னார். எனக்குத் தெரியும், மாமா மளிகைச் சிட்டையில்கூட மூன்றுக்கு நிழல் போடுவார். கை அதுவாகப் போகும். போகவில்லை. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒரு மூன்று எழுதினார். வாய் திறந்த, சுத்தமான மூன்று. நீதிபதி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் அப்படி ஒரு மூன்று எழுதி நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாயா?

தம்பி

---

ஜூலை 4

சின்னவனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

பார்த்திருக்கிறேன். நான்தான் எழுதப் பழக்கினேன். கோர்ட்டில் எழுதிக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள் என்று, சம்மன் வந்த அன்றிலிருந்து பழைய பேப்பர் ஓரத்தில் மூன்று மூன்றாக எழுத வைத்தேன். கை தானாக இடது பக்கம் போனது. போனபோதெல்லாம் தட்டினேன், பாப்பா கையைத் தட்டுகிற மாதிரி. அவர் அழுதார். "அவன் உன் தம்பிடி" என்றார். எழுதுங்க என்றேன்.

அவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நின்றார். கூண்டில் அவர் சொன்னது நான் சொல்லிக் கொடுத்தது. செய்தேன் என்று சொன்னால் அவரும் உள்ளே. கடைக்குச் சீல். நான் காலர் தைத்து யாரைக் காப்பாற்றுவது? உன்னை வெளியே எடுத்து அவரை உள்ளே போட்டால் கணக்கு ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒன்று இல்லை. அது எழுதும்போதுதான் தெரிகிறது.

இந்தக் காகிதத்தை வக்கீலிடம் கொடுக்க வேண்டுமானால் கொடு. நான் மறுக்க மாட்டேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

வக்கீலிடம் காட்டினேன். மறைக்கவில்லை. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "கூடப்பிறந்தவ எழுதினது, தம்பியைக் காப்பாத்த எழுதினான்னுதான் பார்ப்பாங்க. இதை நீட்டினா உங்க மாமா உள்ளே வருவார், நீ வெளியே போக மாட்டே. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ் டிக்கெட்" என்றார். அங்கேயே கிழித்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைக்காதே. பயன் இல்லாததால் கிழித்தேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஐந்து வருஷம். நீ வரவில்லை, நல்லது. செத்துப்போன அம்மாவின் மகள் வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் துப்பினாள். துப்பட்டும், அவளுக்கும் கோபப்பட ஒரு முகம் வேண்டும் இல்லையா?

மேல்முறையீட்டுக்கு ஒரே வழிதான் என்றார் வக்கீல். "அந்த நிஜமான எட்டு கிடைச்சா பேசலாம். ஒரே ஒரு வண்டி நம்பர். இல்லேன்னா காகிதத்தை வீணாக்க வேண்டாம்." மாமாவுக்கு அந்த வண்டி ஞாபகம் இருக்கும். கேட்டுச் சொல். அவர் கோர்ட்டுக்கு வர வேண்டாம். யாரும் வர வேண்டாம். நம்பர் மட்டும். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

---

அக்டோபர் 30

சின்னவனுக்கு,

நாங்கள் சுகம். பாப்பா பள்ளிக்குப் போகிறாள். உனக்கு இழுப்பு வராமல் இருக்கிறதா? மாதக்கணக்காக எழுதாமல் விட்டேன், எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

அவரைக் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். போன வாரம் விடுமுறை நாளில் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு பைக் வந்தது. "அண்ணே, விதிப்படி பெரிய பிளேட்டா மாத்திக் கொடுங்க" என்றான். பழைய பிளேட் உன்னுடையது மாதிரியே, சின்னது, மேலே தூக்கினது, சிவப்பு நிழல். கடைசி எண் எட்டு. மூன்று இல்லை, எட்டு. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

கறுப்பு வண்டி. முன் இண்டிகேட்டர் உடைந்து டேப் சுற்றியிருந்தது. இடது கால் வைக்கிற கம்பி வளைந்து உள்ளே போயிருந்தது. குரலைக் கேட்டால் அவன் உன் வயசு இருப்பான். உங்கள் கம்பெனிச் சட்டைதான். காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நடுவில் போன் வந்தது, "வந்துட்டே இருக்கேன்க்கா, சோறு எடுத்து வைக்கா" என்றான்.

உன் மாமா கையிலிருந்து ஸ்குரூ கீழே விழுந்துகொண்டே இருந்தது. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பழைய பிளேட்டைத் தகரக் கத்தரியால் நான்காக வெட்டினார். அவன் துண்டுகளையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். புதுப் பிளேட்டில் நம்பர் நன்றாகத் தெரிந்தது, தெரு முனை திரும்பும் வரைக்கும் தெரிந்தது.

அவன் நம்பரை உனக்கு அனுப்பினால், பிடிபட்டதும் அவன் முதலில் சொல்வது இந்தக் கடையைத்தான். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள் சின்னவனே.

அக்கா

---

நவம்பர் 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இழுப்பு இல்லை. பாப்பா எந்தப் பெஞ்சில் உட்காருகிறாள் என்று எழுதவில்லையே.

திரும்பத் திரும்பப் படித்தேன். வண்டி நிறம், கால் கம்பி, டேப், இரண்டு வேறு செருப்பு, எல்லாம் எழுதியிருக்கிறாய். நம்பரை மட்டும் எழுதவில்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன், உறையைப் பிரித்து உள்பக்கமும் பார்த்தேன். டயர், "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருடா, சில பேரு எழுத்து தெரியாம எழுதுவாங்க" என்றான். பிடித்துப் பார்த்தோம்.

அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் ஒருத்தி இருந்தாள்.

இனிக் கடிதம் போடாதே என்று எழுதத்தான் காகிதம் வாங்கினேன். முடியவில்லை. மாதம் ஒன்று போடு. நம்பர் இல்லாவிட்டாலும் போடு, வெயிலைப் பற்றி எழுது, மாமாவின் இடுப்பு வலியைப் பற்றி எழுது, எதையாவது எழுது. இங்கே கடிதம் வராதவனை ஆளில்லாதவன் என்று குறித்து வைத்துக்கொண்டு, கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி